பிளஸ் டூ பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன சுவர்

எங்கள் வேதாரண்யம் வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் பீரோ, சுவர்க்கடிகாரம், தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி என்று எல்லாவற்றின் மேலும் "அன்பளிப்பு" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஆண்டு, வகுப்பு, பிரிவு. அவற்றில் நிறைய நான் எழுதியவை. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் போர்டு எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. மார்ச் மாதம் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்து அன்பளிப்புகள் கடைக்கு வரிசையாக வரும். எனாமல் பெயிண்ட்டில் எழுதி, காயவைத்துக் கொடுப்பேன். பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய பொருள் என்பதால் கூலியைக் குறைத்துத்தான் வாங்குவேன்.

அந்தப் பொருள்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மின்விசிறி பெரிய விஷயம். ஆனால் எழுதும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஓரிடத்தில் வளர்ந்த பிள்ளைகள், போகும்போது விட்டுப்போகிற பொருளில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள், என்ன பார்த்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. எந்த ஊரிலும் எந்த வருடமும் அதே பீரோதான்.

2025இல் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். அதற்கு முந்தைய டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு லீவில், அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். "மாமா, நாங்க பீரோ வாங்கல. சுவத்துல படம் வரஞ்சு குடுக்கலாம்னு இருக்கோம். நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்று ஒரு பெண் சொன்னாள். காசை வைத்துக்கொண்டு வரைகிற ஆளைத் தேடி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாங்களே வரையப்போகிறோம் என்று வந்தவர்கள் இவர்கள்தான். அந்த வார்த்தைக்காகவே சரி என்றேன்.

இந்த செட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 2018 ஜூனில். அந்த நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. தென்னை, மா, முந்திரி, முல்லைக் கொல்லை எல்லாம் ஒரே ராத்திரியில் போயின. கடல் உள்ளே வந்து உப்பளங்களில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புதிதாகச் சேர்ந்த பள்ளிக்கூடம் நிவாரண முகாம் ஆனது. கூரை பறந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையிலேயே அப்பா அம்மாவோடு படுத்துத் தூங்கினார்கள். அதிலிருந்து நிமிர்ந்து சரியாகப் படிக்க ஆரம்பிப்பதற்குள் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய கதவு இவர்களுக்கு 2021 செப்டம்பரில்தான் திறந்தது. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை நடக்கவில்லை. எட்டாம் வகுப்பை இந்தக் கட்டடத்துக்குள் இவர்கள் படிக்கவே இல்லை.

இவ்வளவையும் பார்த்த பிள்ளைகள் முதலில் கொண்டுவந்த படங்கள் எல்லாம் போனிலிருந்து எடுத்தவை. திறந்த புத்தகத்திலிருந்து மரம் முளைக்கிற படம். உள்ளங்கையில் பூமி உருண்டை. ராக்கெட்டுக்குப் பக்கத்தில் கலாம் ஐயா. கலாம் ஐயாமேல் எனக்கு உள்ள மரியாதைக்கு அளவில்லை. அவர் முகத்தை எத்தனையோ சுவர்களில் நானே வரைந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவர் படம் ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஜூன் மாசம் நீங்க யாரும் இங்க இருக்கமாட்டீங்க. அப்புறம் தினமும் இதப் பாக்கப்போறது யாரு?"

"ஆறாவது பிள்ளைங்க" என்றான் ஒருவன்.

"அப்ப அதுங்ககிட்ட கேட்டுட்டு வாங்க."

ஜனவரியில் பள்ளி திறந்ததும் எச்.எம். மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு விளையாட்டுப் பீரியடில் நோட்டும் கையுமாக ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். என் மகள் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். பங்குனி ஆமை வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கோடியக்கரைக்கு வருகிற பூநாரை, காட்டுக்குள் ஓடுகிற வெளிமான், பாலப்பழம், பேய், எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ். ஒரு சிறுமி, "எங்கம்மா வேல செய்ற எடத்தப் போடுங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். அவள் அம்மா வேலை செய்வது உப்பளத்தில். கடைசியாக ஒரு பையன் கேட்டதை அப்படியே எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்கள்: "கஜா அன்னிக்கு இந்த ஸ்கூல்ல எல்லாரும் படுத்திருந்தாங்களாமே, நீங்க பாத்தீங்களாக்கா?"

அந்தக் கேள்வியில்தான் இந்தச் சுவர் பிறந்தது. ஆறாம் வகுப்பில் அப்போது இருந்த பிள்ளைகளுக்கு கஜா அடித்தபோது சுமார் ஐந்து வயது. அவர்களுக்கு அது அம்மா சொல்லும் கதை. இந்த செட்தான், கஜா அடித்தபோது அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களில் கடைசி வகுப்பு. இவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டால், அந்த ராத்திரியை மாணவராக அங்கே கழித்தவர் ஒருவர்கூட அந்த வளாகத்தில் இருக்கமாட்டார். இதை என் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். போனில் எடுத்த படங்களை அன்றோடு எல்லோரும் அழித்துவிட்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து எச்.எம். மேடம் தீர்மானம் போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கட்சிக்கொடி நிறங்களும் சாதிச் சங்கக் கொடி நிறங்களும் தெரியாமல்கூடப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடக் கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். இங்கே கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் அடித்துக்கொண்ட பள்ளிகள் இருக்கின்றன. அதனால் சேலை, கொடி, பந்தல் துணி என்று பட்டை பட்டையாக நிறம் வருகிற ஒவ்வொரு இடத்தையும் தாளிலேயே உட்கார்ந்து சரிபார்த்தோம்.

பிறகு எந்தச் சுவர் என்ற பேச்சு. பிள்ளைகள் எல்லோருக்கும் ரோட்டைப் பார்த்த மதில் சுவர்மேல்தான் ஆசை. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். நான் வராந்தாவுக்குள் இருக்கிற நீளச் சுவரைக் கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து சத்துணவுக் கூடத்துக்குப் போகிற வழியில், நாற்பதடி நீளத்துக்கு ஜன்னல் இல்லாமல் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை நினைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன். ராஜராஜன் காலத்தில், 1010 வாக்கில் கட்டிமுடித்த கோயில். கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் நாயக்கர் காலத்தில் புதிதாகப் பூசி வேறு படங்கள் வரைந்துவிட்டார்கள். கீழே ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமிதான் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இருந்ததைக் கண்டார். ஆயிரம் வருடம் அந்த நிறங்கள் நின்றதற்கு அந்தக் காலத்துக் கைத்திறன் ஒரு காரணம். சுண்ணாம்புப் பூச்சும் மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்களும் ஒரு காரணம். வெயிலும் மழையும் அந்த இடத்துக்கு வரவே வராது என்பது இன்னொரு காரணம். ரோட்டோரத்து மதில் மேற்கு வெயிலை முழுசாக வாங்கும். அதில் போடுகிற சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும், ஐப்பசி மழைச் சாரல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் யோசித்து வராந்தாவுக்கே வந்தார்கள். அவர்களை மாற்றியது தஞ்சாவூர் இல்லை என்று நினைக்கிறேன். "ஆறாவது பிள்ளைங்க தட்டத் தூக்கிட்டு இந்த வழியாத்தான் போவாங்க" என்று அவர்களில் ஒருத்தி சொன்னதுதான் வேலை செய்தது.

இனி சொரண்டல். பெயிண்ட் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. யாரும் செய்ய விரும்பாத பகுதியும் இதுதான்.

எங்கள் பக்கம் மண்ணிலேயே உப்பு. செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு சுவரின் மேல்தோலில் தங்கிப் பூக்கும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் போட்டு அடைத்துவிட்டால் உப்பு உள்ளேயே வளர்ந்து, பெயிண்ட்டைப் பொரியப் பொரியத் தள்ளி உரித்துவிடும். நல்ல கை வரைந்த படங்கள் இரண்டே மழையில் கொப்புளம் கொப்புளமாக விழுந்ததை இந்தக் கடற்கரை ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி பெயிண்ட்டைக் குற்றம் சொல்வார்கள். பெயிண்ட் போடுவதற்கு முன்னால் சுவரை யாரும் கையால் தடவிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பொங்கல் கழிந்த கையோடு சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு மணி நேரம் என்று பேசிக்கொண்டோம். பரீட்சை இருக்கிறது, அதற்குமேல் கேட்கக் கூடாது. பிள்ளைகள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பட்டி பார்க்கிற தகடாலும் கம்பிப் பிரஷாலும் பழைய பெயிண்ட்டைச் சொரண்டினார்கள். மஞ்சள், அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே ரோஸ், எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு என்று ஒவ்வொரு அடுக்காக வந்தது. பூத்திருந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவிடவில்லை. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷால் தள்ளி, முறத்தில் வாரி, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

இதில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனுக்குப் படம் வராது. ஆனைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வரைவான் என்று கூட்டாளிகளே சொல்வார்கள். அந்த நாற்பதடிச் சுவரில் பாதிக்குமேல் அவன் ஒருத்தன் சொரண்டியது. தட்டிப் பார்த்து எங்கே பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லக் கற்றுக்கொண்டான். கொத்தனாருக்கே அவன்தான் இடம் காட்டினான். ஒரு வகுப்பில் நன்றாகப் படம் வரைகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களை மட்டும் வைத்துச் செய்தால் அது அந்த வகுப்புக் கொடுத்த பரிசாக இருக்காது. சொரண்ட, சாரம் கட்ட, கலர் கலக்க, நூல் பிடிக்க, டீ வாங்கிவர என்று கை தேவைப்படாத வேலையே இதில் கிடையாது.

உதிர்ந்த இடங்களில் கொத்தனார் புதுப் பூச்சுப் பூசினார். சிமெண்ட் பூச்சு நன்றாக இறுக 28 நாள் ஆகும். பிள்ளைகள் பிராக்டிகலும் பப்ளிக் பரீட்சையும் எழுதிக்கொண்டிருந்தபோது சுவர் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது. மாசியும் பங்குனியும் எங்கள் ஊரில் உலர்ந்த மாதங்கள். அந்த நாட்களில் வெறும் சுவராக விட்டுவைத்ததைவிட நல்ல மருந்து அதற்கு இல்லை.

மார்ச் 25ஆம் தேதி கடைசிப் பரீட்சை முடிந்தது. அதற்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கு முழுப் பரீட்சை என்பதால் விடிகாலையிலிருந்து மணி அடிக்கும்வரை, மறுபடி சாயங்காலம் என்று வேலை நடந்தது. தரையிலிருந்து மூன்றடிக்குப் படமே கிடையாது. அந்தப் பட்டைக்கு வெறும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காது, மூச்சு விடும். உப்பு பூத்தாலும் பொங்கலுக்குப் பொங்கல் துடைத்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். அதற்கு மேலே பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். உள் வராந்தாவாக இருந்தாலும் கடல் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

கலர் விஷயத்தில் ஒரு பாடம் நடத்தினேன். வெள்ளை எமல்ஷனில் கலர் கலக்கிற ஸ்டெயினரை எவ்வளவு ஊற்றினாலும் அடர்த்தியான நிறம் வராது, வெளிர் நிறம்தான் வரும். அளவு மீறி ஊற்றினால் காயாமல் பிசுக்கென்று நிற்கும். அதனால் வானம், மணல், உப்பு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வெள்ளையில் கலந்துகொண்டோம். கடலின் ஆழத்துக்கும் மரங்களின் பச்சைக்கும் மட்டும் கடையில் மெஷினில் அடர்த்தியாகக் கலக்கிய சின்ன டப்பாக்கள் வாங்கினோம். சிவப்பு வேண்டிய இடங்களில் கூடுமானவரை காவி. மண் நிறங்கள் வெளுக்காது. எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. அப்போது அது ஒரு நல்ல பீரோ விலை.

சின்னத் தாளில் வரைந்ததைச் சுவருக்குப் பெரிதாக்க, தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம். காவிப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் சுண்டினால் நேர்க்கோடு விழும். சினிமா பேனர் வரைந்தவர்களும் நாங்களும் காலமெல்லாம் இப்படித்தான் செய்தோம். கணக்கில் தோற்றுவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு பெண் இந்தக் கட்டக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

சுவர் இடது பக்கத்தில் கஜாவில் தொடங்குகிறது. அந்த இடத்தில் பெரிய வாக்குவாதம். தென்னை மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தன? ஒருவன் மேற்கே என்றான், இன்னொருத்தி கிழக்கே என்றாள். இருவரும் அவரவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்தவர்கள். பிறகு பேசப் பேச வெளியே வந்தது. நடு ராத்திரிக்கு மேல் ஒரு பக்கத்திலிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றிருக்கிறது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் வேகமாக அடித்திருக்கிறது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் நடக்கும். முதல் காற்றில் சில மரங்கள், இரண்டாம் காற்றில் மீதி. ஆகவே சுவரில் மரங்கள் இரண்டு திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. இப்படி ஒரு விவரம் எனக்குத் தோன்றியிருக்காது. நான் வரைந்திருந்தால் பார்க்க அழகாக எல்லா மரத்தையும் ஒரே பக்கம் சாய்த்திருப்பேன்.

அதற்குப் பக்கத்தில் வகுப்பறை. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, தரையில் பாயும் சேலையும் விரித்து வரிசையாகப் படுத்திருக்கிறவர்கள். கரும்பலகையில் அன்றைக்கு எழுதிய தேதி அழிக்காமல் இருக்கிறது. "நான் இந்த ரூம்லதான் மாமா, ஜன்னலோரமா படுத்திருந்தேன்" என்று ஒரு பையன் காட்டினான். அவன் வரைந்த ஜன்னலோரத்துச் சிறுவன் மட்டும் கண்ணைத் திறந்திருக்கிறான்.

கொரோனாவை எப்படிக் காட்டுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. முகக்கவசம், கிருமி உருண்டை என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக் கழித்தார்கள். கடைசியில் வந்தது ஒரு மொட்டைமாடி. டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு போனைச் சுற்றி ஆறு தலைகள். போன் யாருடையது என்று அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போனுக்குச் சொந்தக்காரப் பெண்தான் அந்த இடத்தை வரைந்தாள்.

நடுச் சுவர் முழுக்க உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளியது எங்கள் ஊருக்குப் பெருமை. அந்தக் காட்சியை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படத்தில் பார்த்து வளர்கிறார்கள். ஆனால் இன்றைக்கு அதே மண்ணில் உப்பு வாருகிற அம்மாக்களின் படத்தை நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. இந்தச் சுவரில் அவர்கள் பாத்தி வரப்பில் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். லீவு நாட்களில் உப்பள வேலைக்குப் போகிற பையன் ஒருவன் இரண்டு இடத்தில் எங்களைத் திருத்தினான். நிழலைக் காலடியில் குட்டையாகப் போட்டிருந்தோம். "உச்சி வெயில்ல யாரு மாமா நிப்பா? விடியறதுக்கு முன்னாடியே எறங்கிடுவாங்க" என்றான். நிழல்களை எல்லாம் நீளமாக்கினோம். அடுத்தது தண்ணீர். உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு வரும். அந்த உப்புச் செறிவில் வாழும் நுண்ணுயிர்களால் வருகிற நிறம் அது. அதை அவன் கலந்து காட்டியபோது எச்.எம். மேடம், "இவ்வளவு ரோஸா இருக்குமா தம்பி?" என்று கேட்டார். மறுநாள் காலையில் அவன் ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தான்.

வலது பக்கம் கோடியக்கரை. பூநாரைக் கூட்டத்துக்கு என் பழைய தொழிலிலிருந்து ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தேன். கெட்டித் தாளில் ஒரு பூநாரையை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போட வேண்டும். தாளைச் சுவரில் வைத்து, மெல்லிய துணியில் முடிந்த கரித்தூள் பொட்டலத்தால் தட்டித் தட்டி எடுத்தால், புள்ளி புள்ளியாகப் பறவை சுவரில் இறங்கும். தாளைத் திருப்பி வைத்தால் எதிர்த்திசையில் பறக்கிற பறவை. மூன்று அச்சுத் தாள்களை வைத்தே ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டார்கள். இறக்கை அடியின் ரோஸும் நுனியின் கறுப்பும் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கையால் தீட்டியது.

பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கீழே, சுண்ணாம்புப் பட்டைக்குச் சற்று மேலே வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்துக்கும் கீழே. பெரியவர்கள் நடந்து போனால் அவை கண்ணில் படாது, குனிந்தால்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஓரிடம் இருக்கட்டும் என்றார்கள். எனக்கு அந்தச் சுவரில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பெயர் எழுதுகிற பேச்சு வந்தபோது மட்டும் கொஞ்சம் மனவருத்தம். எல்லோர் பெயரும் வேண்டும் என்றார்கள் சிலர். உழைத்தவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பெயர்ப் பட்டியல் போட்டால் படத்தில் ஐந்தடி போய்விடும். அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பது வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கார்டினா உயர்நிலைப்பள்ளியைப் பற்றி நான் படித்ததை அவர்களிடம் சொன்னேன். 1919 முதல் 1956 வரை அங்கே பள்ளி முடித்துப் போகிற வகுப்புகள் தாங்களே தேர்ந்தெடுத்து, காசு சேர்த்து, ஓவியம் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்து, இன்று கண்காட்சி வைக்கிற அளவுக்கு அது ஒரு பெரிய சேகரிப்பு. அங்கேயும் கொடுத்தது இன்னார் என்று தனித்தனியாக இல்லை. இந்த வருடத்து வகுப்பு என்றுதான். பேசி முடித்து, ஓரத்தில் சின்னதாக "2018–2025" என்று மட்டும் எழுதுவது என்று முடிவானது. எழுதும் கை யாருடையது என்று என்னைப் பார்த்தார்கள். பாதிச் சுவரைச் சொரண்டிய பையனிடம் நான் பிரஷைக் கொடுத்தேன். அவனுக்கு எழுத்து நன்றாகவே வந்தது.

சித்திரை பிறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டு பையன்கள் அதற்கு முன்பே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கில் மீதி இருந்ததை மற்றவர்கள் முடித்து, வீடியோ காலில் காட்டினார்கள்.

இந்தச் சுவர் எத்தனை வருடம் நிற்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். மேல்பகுதி நன்றாகவே நிற்கும், அடிப்பகுதியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு நோட்டுப் போட்டு எச்.எம். மேடத்திடம் கொடுத்திருக்கிறோம். எந்த இடத்துக்கு எந்த ஸ்டெயினர் எத்தனை மூடி, எந்த டப்பாவின் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு கலரையும் ஒரு விரல் தடவி ஒட்டிய அட்டையும் பூநாரை அச்சுத் தாள்களும் உள்ளே இருக்கின்றன. மீந்த பெயிண்ட்டை இறுக்கி மூடி, கவிழ்த்து வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் அடிப்பட்டைக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு என்று மேலாண்மைக் குழு எழுதிவைத்திருக்கிறது.

2025 ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்தது. அந்த வருடத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் உடனே என்னைத் தேடி வந்துவிட்டார்கள். லேபுக்குப் பக்கத்துச் சுவர் தங்களுக்கு வேண்டுமாம். இவர்கள் பள்ளியில் சேர்ந்தது கஜாவுக்கு அடுத்த வருடம். தங்களுக்குச் சொல்ல வேறு இருக்கிறது என்றார்கள். நான் போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். தெற்கு மூலையில் ஓதம் இருந்தது, மேலே கூரைத் தண்ணீர்க் குழாய் கசிந்தது. குழாயைச் சரிசெய்ய மேடத்திடம் மனு எழுதிக் கொடுங்கள், ஆறாம் வகுப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், பொங்கல் கழிந்ததும் சொரண்ட ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.